கூகுள் டிரெண்ட்ஸ்: காய்ச்சல் காலத்தில் ஊர் எதைக் கேட்கிறது?

டிங்கி (டெங்கு) ஏறும் வாரங்களில் பினாங்கில் ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தன்னார்வக் குழுக்களும் துண்டறிக்கை அடிக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே செய்திதான்: தண்ணீரைத் தேங்க விடாதீர்கள், பூச்சட்டித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அறிவுரை சரியானதே. ஆனால் பிள்ளைக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாதபோது, தாய் நள்ளிரவில் கைப்பேசியில் தட்டுவது வேறு: பிளேட்லெட் எவ்வளவு இருக்க வேண்டும்? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? நண்டு சூப் உதவுமா? காய்ச்சல் விட்டுவிட்டதே, இனிப் பயமில்லையா? அறிக்கை அடிப்பவர்கள் இந்தக் கேள்விகளைத் தெரிந்துகொண்டு எழுதினால் எத்தனையோ வீடுகளுக்கு உதவும். அதற்குக் கைகொடுக்கக்கூடிய இலவசக் கருவி, கூகுளில் மக்கள் எதை எந்த அளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ். பினாங்குத் தமிழர்களுக்கு அது எந்த அளவு பயன்படும், எங்கே காலை வாரிவிடும் என்பதே இந்த மதிப்பீடு.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மக்களின் கவலையைக் கண்டுபிடிக்க ஐந்துக்கு நான்கு மதிப்பெண். நோயாளிகளை எண்ண ஐந்துக்கு ஒன்று. தமிழ் எழுத்தில் தேடுபவர்களைக் காட்டுவதில் இரண்டுக்கு மேல் கொடுக்க முடியாது.

அந்த 100 என்பது என்ன?

இந்தக் கருவியைத் தொடும் பத்துப் பேரில் ஒன்பது பேர் தடுக்கி விழுவது முதல் எண்ணிலேயே. வரைபடத்தில் 100 என்று இருந்தால் நூறு பேர் தேடினார்கள் என்று பொருள் இல்லை. நூறு விழுக்காடும் இல்லை. தேர்ந்தெடுத்த இடத்தில், தேர்ந்தெடுத்த காலத்தில், அந்தச் சொல் மொத்தத் தேடல்களில் எவ்வளவு பங்கு பிடித்தது என்று கணக்கிட்டு, பங்கு உச்சமாக இருந்த புள்ளிக்கு 100 கொடுக்கிறார்கள். மற்றவை அதற்கு ஒப்பீடு. 50 என்றால் உச்சத்தில் இருந்ததில் பாதிப் பங்கு. காலத்தை மாற்றினால் உச்சம் மாறும், எல்லா எண்களும் மாறும்.

மாநில வரைபடமும் அப்படித்தான். டிங்கிக்குப் பெர்லிஸ் 100, சிலாங்கூர் 70 என்று வந்தால் பெர்லிஸில்தான் அதிகம் பேர் தேடினார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. அந்தச் சின்ன மாநிலத்தின் மொத்தத் தேடல்களில் டிங்கியின் பங்கு பெரிது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பங்கு என்பதால், கீழே இருக்கும் மொத்தம் மாறினாலும் எண் ஆடும். 2020 மார்ச் 18இல் கோவிட்டுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் மக்கள் வீட்டுக்குள் இருந்து சமையல், இணைய வகுப்பு, வங்கித் தவணை என்று எதையெல்லாமோ தேடினார்கள். அப்படி மொத்தம் பெருகும்போது, டிங்கியைப் பற்றி முன்போலவே அதே எண்ணிக்கையினர் தேடினாலும் கோடு இறங்கும். அந்தச் சரிவைப் பார்த்து டிங்கிக் கவலை குறைந்துவிட்டது என்று எழுதினால் தவறு.

நோயாளிகளை எண்ணப் போய் விழுந்த கதை

தேடலை வைத்து நோயை அளக்கலாம் என்று கூகுள் நிறுவனமே ஒரு காலத்தில் நம்பியது. 2008 நவம்பரில் கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் வந்தது. 2009இல் எச்1என்1 முதல் அலை வந்தபோது அது நோயைக் குறைத்துக் காட்டியது. 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் உண்மை நிலவரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டிக் காட்டியது. காய்ச்சல் பற்றிய செய்தி பரபரப்பானால் நோய் இல்லாதவரும் தேடுவார். தேடல் பெட்டியே ‘இதைத் தேடுகிறீர்களா’ என்று சொல்லெடுத்துக் கொடுத்தால் அந்தச் சொல் இன்னும் பெருகும். 2015 ஆகஸ்டில் அந்த மதிப்பீடுகளை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். 2011இல் தொடங்கிய டெங்கு டிரெண்ட்ஸும் அதோடு போயிற்று. அதில் சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து எல்லாம் இருந்தன. சுற்றிலும் இருந்த நாடுகளுக்குக் கிடைத்த அந்தச் சேவை மலேசியாவுக்கு வரவே இல்லை.

ஆகவே எத்தனை பேருக்கு டிங்கி என்று தெரிய வேண்டுமானால் சுகாதார அமைச்சின் எண்ணைப் பாருங்கள். 2019இல் நாடு முழுக்க 1,30,101 சம்பவங்கள், 182 மரணங்கள் என்பது அங்கிருந்து வந்த கணக்கு. டிங்கி நிலவரம் காட்டும் ஐடெங்கி இணையத்தளம் தொற்று நீடிக்கும் குடியிருப்புகளைப் பெயரோடு காட்டும். கோவிட்-19க்கு 2021 ஜூலையிலிருந்து அமைச்சே மாநில வாரியாக அன்றாடத் தரவைக் கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் திறந்து வைத்தது. டிரெண்ட்ஸ் இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது. இவற்றுக்கு மாற்று ஆகாது.

அமைப்பது எப்படி

நாட்டை மலேசியா என்று வையுங்கள். பிறகு பினாங்கைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கீழே போக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்: பட்டர்வொர்த்தையும் பாயான் லெப்பாஸையும் பிரித்துப் பார்க்கும் அளவுக்குத் தரவு தேறாது. பினாங்கில் எண் குறைவாக இருந்து கோடு பல்லிளித்தால் (0, 100, 0, 0, 63 என்று குதித்தால்) உடனே மலேசியா முழுமைக்கும் மாறுங்கள். அந்தக் குதிப்பில் எந்தப் பொருளும் இல்லை. கோலாலம்பூரைப் பார்ப்பவர்கள் சிலாங்கூரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் கைப்பேசி இணைப்பு எந்த மாநிலத்துக் கணக்கில் விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

காலத்தைத் தேர்வதில் தரவின் நுணுக்கம் அடங்கியிருக்கிறது. ஏழு நாளுக்கு மணிவாரியாகக் கிடைக்கும். சுமார் ஒன்பது மாதத்துக்குள் என்றால் நாள்வாரி. ஐந்து ஆண்டு வரை வாரவாரி. அதற்கு மேல் மாதவாரி. டிங்கிக்கு வாரவாரி போதும். ஞாயிறு தொடங்கிச் சனி முடியும் அந்த வாரம், சுகாதார அமைச்சு நோய்க்கணக்குக்குப் பயன்படுத்தும் வாரத்தோடு பொருந்துகிறது. இது சின்ன வசதி போலத் தெரியும். இரண்டு பட்டியல்களை ஒட்டிப் பார்ப்பவருக்கு அரை நாள் வேலை மிச்சம்.

நாள்வாரித் தரவில் ஒரு பொறி உண்டு. அது உலகப் பொது நேரப்படி போகிறது. நம்முடைய ‘நாள்’ அங்கே காலை 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8க்கு முடிகிறது. 2020 மார்ச் 16 இரவு பிரதமர் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். விடிய விடியத் தேடியவர்களின் தேடலும் 16ஆம் தேதிக் கணக்கில்தான் விழும், 17இல் விழாது. அந்த 17ஆம் தேதிதான் நாட்டின் முதல் இரண்டு கோவிட் மரணங்கள் அறிவிக்கப்பட்டன. எந்தச் செய்தி எந்த உயர்வுக்குக் காரணம் என்று பிரிக்க நினைப்பவர் இந்த எட்டு மணி நேரத்தை மறந்தால் காரணமே மாறிப்போகும்.

அடுத்தது, சொல்லா தலைப்பா என்பது. பெட்டியில் தட்டும்போது கீழே ‘தேடல் சொல்’ என்றும் ‘நோய்’ என்றும் தனித்தனியாகக் காட்டும். ‘நோய்’ என்ற தலைப்பு பல மொழிச் சொற்களையும் எழுத்துப் பிழைகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். மொத்தக் கவலையைப் பார்க்க அது நல்லது. ‘சொல்’ என்பது நீங்கள் தட்டியதை மட்டுமே பார்க்கும். மலாய் எழுத்துக்கூட்டலில் டிங்கிக்கு இரட்டை ‘ஜி’ வரும், ஆங்கிலத்தில் ‘யூ, இ’ என்று முடியும். இரண்டையும் கூட்டல் குறியால் இணைத்தால்தான் இரண்டும் எண்ணப்படும். ஒரே நேரத்தில் ஐந்து வரிசைகளை ஒப்பிடலாம். ஆனால் 2020 கோவிட்டையும் டிங்கியையும் ஒரே படத்தில் போட்டால் டிங்கி தரையோடு தரையாகக் கிடக்கும். அளவில் நெருங்கிய சொற்களை மட்டும் ஒன்றாக வையுங்கள்.

தமிழ் எங்கே போகிறது?

எங்களுக்கு மனத்தாங்கல் உள்ள இடம் இதுதான். மிகக் குறைவாகத் தேடப்படும் சொற்களை டிரெண்ட்ஸ் 0 என்றே காட்டும். தனிமனிதரை அடையாளம் காண முடியாதபடி காக்கவும் அது உதவுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலேசியத் தமிழரின் எண்ணிக்கையோ சிறிது, தேடும் வழியோ நாலாகப் பிரிந்திருக்கிறது. ஒருவர் மலாயில் தேடுவார், இன்னொருவர் ஆங்கிலத்தில். மூன்றாமவர் ‘காய்ச்சல்’ என்பதை ரோமன் எழுத்தில் மூன்று நான்கு விதமாகத் தட்டுவார். தமிழ் எழுத்தில் தேடுபவரிலும் நம் நாளேடுகளைப் படிப்பவர் ‘டிங்கி’ என்பார், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்ப்பவர் ‘டெங்கு’ என்பார். தனித்தனியாகத் தட்டினால் எல்லாமே 0. அந்த 0ஐப் பார்த்து, தமிழர்கள் கவலைப்படவில்லை என்று யாரும் எழுதிவிடக் கூடாது. கவலை இருக்கிறது, கருவிக்குத் தெரியவில்லை.

இதற்குச் சில மாற்று வழிகள் உண்டு. எல்லா எழுத்துக்கூட்டல்களையும் கூட்டல் குறியால் ஒரே வரிசையில் கோத்து, காலத்தை ஐந்து ஆண்டாக நீட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் ‘இணையத் தேடல்’ என்று இருப்பதை ‘யூடியூப் தேடல்’ என்று மாற்றுங்கள். கைவைத்தியத்தை வாசிப்பதைவிடக் காணொளியில் பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

மூன்றாவது வழி எங்களுக்கு மிகவும் பிடித்தது: இடத்தைத் தமிழ்நாடு என்று மாற்றுவது. நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் 2012 டெங்கு காலத்தில் அங்கே அரசே பரிந்துரைத்தவை. 2020இல் கபசுரக் குடிநீர். இப்படி அங்கே பரவும் மருந்துப் பேச்சு வாட்ஸ்அப் வழியாகக் கடல் கடந்து இங்கேயும் வந்து சேர்கிறது. அங்கே ஏறுமுகமாக இருக்கும் தேடல்களைப் பார்த்து வைத்தால், இங்கே என்ன கேள்வி வரலாம் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் கிடைக்கும். ஆனால் பருவத்தை ஒப்பிடாதீர்கள். அங்கே வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு ஏறும். நம் ஊர்க் கணக்கு வேறு.

முகக் கவசம் என்ற ஒரு சொல்லின் பாடம்

மலேசியாவில் முகக் கவசத் தேடலை 2019 தொடக்கத்திலிருந்து படம் போட்டுப் பாருங்கள். கோவிட் பெயரே பிறக்காத 2019 செப்டம்பரை ஊன்றிக் கவனியுங்கள். அந்த மாதம் புகைமூட்டம். காற்றுத் தரக் குறியீடு மோசமாகிப் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினார்கள். மக்கள் என்95 முகக் கவசம் தேடினார்கள். ஆண்டு திரும்பியதும் இன்ஃபுளுவென்ஸா ஏ பரவல் பற்றிய பயம். அது அடங்குவதற்குள் 2020 ஜனவரி 25இல் நாட்டின் முதல் கோவிட் சம்பவங்கள். நான்கு ஐந்து மாதத்துக்குள் ஒரே சொல்லுக்கு மூன்று காரணங்கள்.

இவற்றைப் பிரிக்கும் வழி, பக்கத்தில் துணைச் சொல் வைத்துப் பார்ப்பது. புகைமூட்டத்துக்கான மலாய்ச் சொல் ‘ஜெரெபு’ கூடவே ஏறுகிறதா? ‘இன்ஃபுளுவென்ஸா’ ஏறுகிறதா? எது கூட நடக்கிறதோ அதுதான் காரணம் என்று தற்காலிகமாக வைத்துக்கொண்டு, அந்த வாரச் செய்தியோடு சரிபார்க்க வேண்டும். இருமல், தலைவலி, காய்ச்சல் போன்ற பொதுச் சொற்களில் இந்தக் கலப்பு இன்னும் மோசம். கோவிட் காலத்தில் ‘வாசனை தெரியவில்லை’ என்ற தேடல் ஆய்வாளர்களின் கவனத்தைப் பிடித்ததற்குக் காரணம், சாதாரண நாளில் அதைத் தேடுபவர் மிகக் குறைவு என்பதே. அரிதான அறிகுறியே நல்ல சமிக்ஞை. பினாங்கில் பாலர் பள்ளிகளை மூட வைத்த 2018 கை, கால், வாய்ப்புண் நோய்ப் பரவலைப் பார்ப்பவர்கள் காய்ச்சலைத் தேடாமல் அந்த நோயின் ஆங்கிலச் சுருக்கமான நான்கு எழுத்துகளை (HFMD) தட்டினால் தெளிவான கோடு கிடைக்கும்.

கொள்ளைநோயின் கவலை உடம்போடு நிற்பதில்லை என்பதையும் இந்தக் கருவி நன்றாகக் காட்டும். 2020 மார்ச் 27இல் அரசின் ‘பிரிஹாத்தின்’ உதவித்தொகை அறிவிப்பு. 2021 ஜனவரி 13 முதல் பினாங்கும் மறுபடி கட்டுப்பாட்டுக்குள் வந்தது, மாநில எல்லை கடக்கத் தடை. ‘ரெந்தாஸ் நெகெரி’ (மாநில எல்லை கடத்தல்) என்ற இரண்டு மலாய்ச் சொற்களை அந்த மாதங்களுக்குப் போட்டுப் பாருங்கள். கெடாவிலிருந்து தினமும் வேலைக்கு வரும் தொழிலாளிக்குக் கிருமியைவிட அந்தக் கேள்விதான் அவசரம். பணம், வேலை, எல்லை, பள்ளி: நோய்ப் பெயரோடு இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்காத எந்தத் தேடல் ஆய்வும் அரைகுறையே.

கோப்பை இறக்கியபின்

பதிவிறக்கும் சி.எஸ்.வி (அட்டவணைத் தரவு) கோப்பின் முதல் வரியில் வகைப் பெயர் இருக்கும், அடுத்தது வெற்று வரி, அதன்பிறகே தலைப்பு. அப்படியே எக்ஸெலில் சூத்திரம் போட்டால் உதைக்கும். முதல் இரண்டு வரிகளை நீக்குங்கள். சில கட்டங்களில் ‘1க்கும் குறைவு’ என்பதைக் குறியோடு (<1) போட்டிருப்பார்கள். எக்ஸெல் அதை எழுத்து என்று எடுத்துக்கொண்டு கூட்டலில் சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்தக் கட்டங்களில் 0.5 என்று மாற்றி, மாற்றியதை ஓரத்தில் குறித்து வையுங்கள். தமிழ்ச் சொல் தலைப்பில் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டை (பட்டியலில் 65001) தேர்ந்தெடுத்துத் திறவுங்கள்.

படத்தின் கடைசிப் புள்ளி புள்ளிக்கோடாக இருந்தால் அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அதை வெட்டிவிடுங்கள். ‘இந்த வாரம் கவலை சரிந்தது’ என்ற பொய்ச் செய்தி பெரும்பாலும் இந்தப் புள்ளியிலிருந்துதான் பிறக்கிறது.

டிரெண்ட்ஸ் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை, மாதிரி எடுத்தே கணக்கிடுகிறது. அதனால் அதே கேள்வியை வேறொரு நாள் கேட்டால் எண் கொஞ்சம் மாறும். மலேசியாவின் பெரிய சொற்களில் இது பொருட்டில்லை, பினாங்கு அளவில் பெரிய வித்தியாசம். ஐந்து வெவ்வேறு நாட்களில் ஐந்து கோப்பு இறக்கிச் சராசரி எடுங்கள். ஒரே நாளில் ஐந்து தடவை இறக்கிப் பயனில்லை, சேமித்து வைத்த அதே விடைதான் திரும்ப வரும்.

ஒன்பது மாதத்துக்கு மேல் நாள்வாரித் தரவு வேண்டுமென்றால் துண்டுகளை ஒட்ட வேண்டும். இரண்டு துண்டுகளுக்கும் ஒரு மாதம் பொதுவாக இருக்கும்படி இறக்குங்கள். அந்தப் பொது மாதத்தின் சராசரி முதல் துண்டில் 40, இரண்டாவதில் 80 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது துண்டு முழுவதையும் 0.5ஆல் பெருக்கினால் இரண்டும் ஒரே அளவுக்கு வரும். பொது மாதத்தில் எண்கள் மிகச் சிறியவையாக இருந்தால் இந்த விகிதமே ஆட்டம் காணும். பரபரப்பான மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். 2011, 2016, 2022 ஜனவரிகளில் படத்தில் ஒரு குறிப்புக் கோடு தெரியும். தரவு சேகரிக்கும் முறை மாறிய இடங்கள் அவை. அந்தக் கோட்டைத் தாண்டி உயரத்தை ஒப்பிடாதீர்கள்.

எண்ணிலிருந்து துண்டறிக்கைக்கு

இந்தக் கருவியின் உண்மையான செல்வம் படத்தில் இல்லை, கீழே உள்ள ‘தொடர்புடைய தேடல்கள்’ பட்டியலில் இருக்கிறது. அதில் ‘அதிகம் தேடப்பட்டவை’ எப்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: அறிகுறி, சிகிச்சை, எத்தனை நாள். ‘ஏறுமுகம்’ என்பதில்தான் புதுக் கவலை முளைவிடும். 5,000 விழுக்காட்டுக்கு மேல் ஏறியதை எண் போடாமல் ‘பிரேக்கவுட்’ என்று குறிப்பார்கள். பார்த்தவுடன் பதற வேண்டாம். முன்பு யாருமே தேடாத சொல்லைச் சில நூறு பேர் தேடினாலும் அந்தப் பட்டம் கிடைக்கும். இரண்டு வாரம் தொடர்ந்து நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் வரும் கேள்வியை மருத்துவர் ஒருவரிடம் கொடுத்து விடை வாங்கி, மக்கள் கேட்ட அதே சொல்லில் எழுதுங்கள். ‘காய்ச்சல் விட்டுவிட்டதே’ என்பதையே எடுத்துக்கொள்வோம். டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் கூடாது, பாராசிட்டமோல் போதும். பப்பாளி இலையைப் பற்றிக் கேட்பவரை அதட்டாமல், இந்த எச்சரிக்கைக் குறிகள் இருக்கும்போது எந்தச் சாறுக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். பூச்சட்டித் தட்டு அறிவுரைக்கு அறிக்கையின் பின்பக்கம் போதும்.

பக்கத்துணையாக இரண்டு. விளம்பரதாரர்களுக்கான கூகுளின் கீவேர்ட் பிளானர், ஒரு சொல்லுக்கு மாதத்துக்கு 100–1,000 என்பது போன்ற வரம்பில் உண்மையான எண்ணிக்கையைக் காட்டும். அதற்கு விளம்பரக் கணக்கு திறக்க வேண்டும், செலவு செய்யாதவருக்கு வரம்பு அகலமாகத்தான் கிடைக்கும். ஆனாலும் டிரெண்ட்ஸில் 0 என்று வந்தது உண்மையிலேயே வெறுமையா, நூறு பேராவது இருக்கிறார்களா என்று அறிய அது உதவும். தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கப் பார்வைகள் 2015 ஜூலையிலிருந்து சரியான எண்ணில் கிடைக்கின்றன. அதில் மலேசியரை மட்டும் பிரிக்க முடியாது என்பதால் பினாங்குக்கு அவ்வளவாகப் பயனில்லை.

எந்தக் கருவியிலும் வாட்ஸ்அப் குழுவில் ஓடும் குரல்பதிவு தெரியாது. தேடத் தெரியாத பாட்டியும் தெரியமாட்டார். ஆகவே அறிக்கை அச்சுக்குப் போகுமுன் ஏறுமுகப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, கிளினிக் முகப்பில் இருப்பவரிடமும் ஆலய அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவரிடமும் காட்டிக் கேளுங்கள்: இதில் எது உங்களிடம் வந்தது, இதில் இல்லாதது எது? அவர்கள் சேர்க்கும் இரண்டு மூன்று வரிகள்தான் பெரும்பாலும் தமிழில் கேட்கப்பட்டவையாக இருக்கும். ஐந்நூறு அறிக்கை கொடுத்தபின் டிரெண்ட்ஸ் கோடு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டாம், ஒரு மாநிலக் கோட்டை அது அசைக்காது. அதே முகப்பில் ஒரு குறிப்பேடு வைத்து, இரண்டு வாரம் கழித்து எந்தக் கேள்வி குறைந்தது என்று எண்ணுங்கள்.